விழுங்கும்போது வலித்தால்

வீட்டுப் பெரியவர் “தண்ணி குடிச்சாக்கூட நெஞ்சுக்குள்ள வலிக்குது” என்றால், உடனே கொப்பளிக்க உப்புப் போட்டு வெந்நீர் கொடுத்துவிடுகிறோம். தொண்டைப் புண்ணுக்கு அது சரி. வலி நெஞ்செலும்புக்குப் பின்னால் என்றால், கொப்பளிக்கும் நீர் அந்த இடத்தை எட்டாது. அங்கே இருப்பது சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழாய். (வலியோடு வியர்வையோ மூச்சுத்திணறலோ இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம், தாமதிக்கக் கூடாது.)

நான் முதலில் பார்க்கச் சொல்வது அவருடைய மாத்திரை டப்பாவை. ஒரு மடக்குத் தண்ணீரில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு உடனே படுத்தால், அது வயிற்றுக்குப் போகாமல் வழியிலேயே ஒட்டிக்கொள்ளும். பெருந்தமனியின் வளைவு உணவுக்குழாயை அழுத்தும் இடத்தில்தான் அடிக்கடி சிக்கும். வயதாக ஆகக் குழாயின் அசைவு மந்தமாகிறது. சில மருந்துகள் எச்சிலையும் வற்றவைக்கின்றன. ஒட்டிய மாத்திரை அங்கேயே கரைந்து அந்த இடத்தைப் புண்ணாக்கிவிடும். எலிக்காய்ச்சலுக்குத் தரும் டாக்ஸிசைக்ளின், பொட்டாசியம், இரும்புச்சத்து மாத்திரை, ஆஸ்பிரின், வலி மாத்திரைகள் ஆகியவற்றில் இந்த ஆபத்து உண்டு. எலும்பு பலவீனத்துக்கு வாரம் ஒருமுறை போடும் அலெண்ட்ரோனேட்டை, காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறையத் தண்ணீருடன் விழுங்க வேண்டும். பிறகு அரை மணி நேரமாவது படுக்கக் கூடாது. கவரில் ‘வாரம் 1’ என்று மட்டும் எழுதித் தந்தால் பெரியவருக்கு இது எப்படித் தெரியும்? வலி தொடங்கிவிட்டால், அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.

அடுத்து, டார்ச் அடித்து வாயைப் பாருங்கள். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர்த் திப்பி போல வெண்படலம் இருந்தால் அது கேண்டிடா என்ற பூஞ்சையாக இருக்கலாம். ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுத்தபின் வாய் கொப்பளிக்காதவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், பல்செட்டோடு தூங்குபவர்களுக்கு இது எளிதில் வரும். வாய் சுத்தமாக இருந்தும் உணவுக்குழாயில் மட்டும் படர்ந்திருப்பதும் உண்டு. மருந்துக்குப் பெரும்பாலும் நன்றாகவே கட்டுப்படும்.

அமிலம் மேலேறுவது, ஹெர்ப்பிஸ் போன்ற வைரஸ்கள், கதிர்வீச்சு சிகிச்சை ஆகியவையும் காரணமாகலாம்.

புற்றுநோயில் பெரும்பாலும் வலியைவிட அடைப்பே முந்தும். முதலில் சோறும் சப்பாத்தியும் சிக்கும், பிறகு கஞ்சி, பிறகு தண்ணீர். ஆனால் பெரியவர்கள் அதைச் சொல்வதில்லை. “பசியில்ல” என்று சொல்லிக் கஞ்சிக்கு மாறிவிடுவார்கள். அப்படி மாறியவருக்கு எடையும் குறைந்தால், குரல் கம்மினால், மலம் கருப்பாகப் போனால் எண்டோஸ்கோப்பியைத் தள்ளிப்போடாதீர்கள். கேமரா பொருத்திய மெல்லிய குழாயை வாய்வழியே விட்டுப் பார்ப்பார்கள். சில நிமிட வேலைதான். சந்தேகமான இடத்திலிருந்து துளி சதையை அப்போதே கிள்ளியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிடலாம்.