நூறு கிலோ துணி, நூற்றெழுபத்தெட்டு கிலோ உப்பு

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் லாரி ஓட்டுகிறவர்களுக்கு எடைமேடை பழகிய இடம். உள்ளே போகும்போது ஓர் எடை, வெளியே வரும்போது ஓர் எடை. கணக்கு அங்கே பொய் சொல்லாது. பழைய துணியை ரசாயனத்தால் பிரித்து மறுபடி நூலாக்கும் முனைவர் பட்ட ஆய்வுகளையும் ஒரு தரம் அந்த மேடையில் ஏற்றிப் பார்க்கலாம்.

குவியல்

2023-ல் உலகம் உற்பத்தி செய்த இழை சுமார் 12.4 கோடி டன். அதில் 57% பாலியெஸ்டர். பழைய துணியிலிருந்து மறுபடி துணிக்கே திரும்பிய இழை 1%-க்கும் குறைவு.

இந்தியாவில் ஆண்டுக்குச் சேரும் துணிக்கழிவு சுமார் 78 லட்சம் டன் என்று 2022-ல் ‘ஃபேஷன் ஃபார் குட்’ அமைப்பு மதிப்பிட்டது. இதில் 59% மறுபயன்பாடாகவோ மறுசுழற்சியாகவோ துணித் தொழிலுக்கே திரும்புகிறது. 19% தரம் இறங்கிய பொருளாகிறது, 5% எரிகிறது, 17% குப்பைமேட்டுக்குப் போகிறது. அந்த 17 விழுக்காடு நாளொன்றுக்குச் சுமார் 3,600 டன்.

திருப்பூரின் பனியன் கட்டிங் வேஸ்டை ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூற்பாலைகள் பிய்த்து நூலாக்கிவிடும், அது சுத்தப் பருத்தி என்பதால். சிக்கல் கலப்புத் துணியில். பழைய சட்டையிலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம்போல எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் என்றால் உருகிச் சுருண்டு கடுகளவு மணியாக இறுகும். கலப்பு நூல் இரண்டையும் செய்யும். இரண்டும் ஒரே முறுக்கில் இருப்பதால் இயந்திரத்தால் பிரிக்க முடியாது, ரசாயனம்தான் வழி.

ஆய்வாளரின் கணக்கு

முனைவர் பட்ட ஆய்வாளருக்கான ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) உதவித்தொகை 2023 ஜனவரி 1 முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டு கழித்து 42,000.

முதல் 2 ஆண்டு: 8,88,000 ரூபாய்
அடுத்த 3 ஆண்டு: 15,12,000 ரூபாய்
சில்லறைச் செலவு மானியம், ஆண்டுக்கு 20,000 வீதம்: 1,00,000 ரூபாய்
மொத்தம்: 25,00,000 ரூபாய்

வீட்டு வாடகைப்படியும் கருவிகளும் இதில் சேரவில்லை. ஒரு தடவைக்கு 50 கிராம் துணி, ஆண்டுக்கு 200 தடவை என்று வைத்துக்கொண்டால் ஐந்தாண்டில் 50 கிலோ. கிலோவுக்கு 50,000 ரூபாய் விழுகிறது. துணிக்கு இது கொள்ளை விலை. ஆலை கட்டுவதற்கு முன்னால் தவறுகளைக் கண்டுபிடித்துத் தரும் என்றால் மலிவு. அந்தத் தவறு எந்தப் பத்தியில் ஒளிந்திருக்கிறது என்பதே கேள்வி.

குடுவைக்குள்

காஸ்டிக் சோடா முறையை எடுத்துக்கொள்வோம். ஸ்வீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்து 2017-ல் வெளியான ஆய்வு, கலப்புத் துணியை 5 முதல் 15% காஸ்டிக் கரைசலில் 70 முதல் 90 டிகிரி சூட்டில் வைத்துப் பிரித்தது. பாலியெஸ்டர் உடைந்து கரைகிறது, பருத்தி துணியாகவே மிஞ்சுகிறது. பருத்தியை வடிகட்டி எடுத்துவிட்டு, தெளிந்த கரைசலில் கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால், பால் திரிவதுபோல வெள்ளையாகத் திரண்டு கீழே படிகிறது டெரிப்தாலிக் அமிலம். பாலியெஸ்டரின் மூலப்பொருள் அதுதான்.

இனிப் பேரேடு. துணி 100 கிலோ: பாலியெஸ்டர் 65, பருத்தி 35. கரைசல் 1,000 கிலோ, காஸ்டிக் 10%. ஒரு பொட்டுகூட வீணாகாது என்ற ஏட்டுக் கணக்கு இது.

வரவு
டெரிப்தாலிக் அமிலம்: 56 கிலோ
எத்திலீன் கிளைக்கால்: 21 கிலோ
பருத்தி: 35 கிலோ

கூட்டினால் 112. கூடுதல் 12 கிலோ, வினையில் சேர்ந்துகொண்ட தண்ணீர்.

செலவு
கரைசலில் போட்ட காஸ்டிக்: 100 கிலோ
பாலியெஸ்டரை உடைக்கச் செலவானது: 27 கிலோ
சும்மா நிற்பது: 73 கிலோ

அமிலம் ஊற்றும்போது அந்த 73 கிலோவும் சேர்ந்து அமிலத்தைக் குடிக்கும். 33 கிலோ போதும் என்ற இடத்தில் 123 கிலோ கந்தக அமிலம் வேண்டும். பிறக்கும் சோடியம் சல்பேட் உப்பு 48 கிலோவாக நிற்காமல் 178 கிலோவாகிறது. போட்ட துணியைவிட வந்த உப்பு அதிகம்.

ஆய்வுக்கூடத்தில் இது கண்ணில் படாது. 50 கிராம் துணிக்கு 89 கிராம் உப்பு, அதுவும் அரை லிட்டர் தண்ணீரில் கரைந்து கிடக்கும். விளைச்சல் 95% என்று ஆய்வேட்டில் ஏறும். உப்பை யாரும் தராசில் வைப்பதில்லை. அதே முறையில் நாளுக்கு 10 டன் துணி கரைக்கும் ஆலை வைத்தால் 17.8 டன் உப்பு வரும். தினமும் பத்துச் சக்கர லாரி ஒன்று நிறையும்.

உப்பின் விலை

தமிழ்நாட்டுக்கு உப்புப் பாடம் புதிதில்லை. நொய்யலைக் கெடுத்த சாயக்கழிவு வழக்கில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் 700-க்கும் மேற்பட்ட சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாடு செய்த பிறகே திறக்கலாம் என்றது.

நீர்நிலையில் விடும் கழிவுநீரில் கரைந்த உப்புக்கு வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். 178 கிலோ உப்பை அந்த அளவுக்கு நீர்க்க வைக்க ஏறக்குறைய 85,000 லிட்டர் தண்ணீர், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் ஏழு. தண்ணீர் ஊற்றி நீர்க்க வைத்துத் தப்பிப்பதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்காது. அளவு புரிவதற்காகச் சொன்னேன்.

மிச்சமுள்ள வழி ஆவியாக்குவது. 1,000 லிட்டர் தண்ணீரைச் சூடேற்றி ஆவியாக்க ஏறத்தாழ 700 யூனிட் வெப்பம் வேண்டும். யூனிட்டுக்கு 7 ரூபாய் என்று வைத்தால் 4,900 ரூபாய். ஒரே நீராவியை நான்கு முறை வேலை வாங்கும் நான்கு கட்ட ஆவியாக்கி இருந்தால் சுமார் கால் பங்கு. அதன் பிறகும் உப்பு தரையில் கிடக்கும்.

கணக்கை மாற்றும் வழிகள்

ஒன்று, காஸ்டிக்கைத் தீர்த்துவிட்டுத்தான் அமிலம் ஊற்றுவது. அதே கரைசலில் அடுத்தடுத்துத் துணியைப் போட்டால் சும்மா நிற்கும் 73 கிலோ குறையும், உப்பு 48-ஐ நோக்கி இறங்கும்.

இரண்டு, காஸ்டிக்கே வேண்டாம் என்று கிளைக்காலில் கரைப்பது. 65 கிலோ பாலியெஸ்டருடன் 21 கிலோ கிளைக்கால் சேர்ந்து 86 கிலோ இடைப்பொருள் தரும். உப்பு இல்லை. மறுபடி பாலியெஸ்டர் ஆக்கும்போது அந்த 21 கிலோவும் திரும்பி வரும். ஆனால் சாயமும் அழுக்கும் கூடவே தங்கும், சூடும் 200 டிகிரியை நெருங்கும், பருத்தி பழுத்துப்போகும்.

மூன்று, பொருளையே மாற்றிப் பார்ப்பது. நைலான்-6 உடைந்தால் அதன் மூலப்பொருளான கேப்ரோலாக்டம் 100 கிலோவுக்கு 100 கிலோ, ஏட்டுக் கணக்கில். ஸ்லோவேனியாவில் அக்வாஃபில் நிறுவனம் 2011 முதல் பழைய மீன்வலையிலும் கம்பளத்திலும் இதைச் செய்கிறது. நமக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. மணலியில் 1974-லேயே எஸ்.ஆர்.எஃப். ஆலை டயருக்கான நைலான் நூலைத் தொடங்கியது. திருவள்ளூர் மாவட்டத்தின் பழவேற்காட்டில் கிழிந்த வலைக்குப் பஞ்சமில்லை.

வேதியியல் சரியாக வந்தாலும் சந்தை கைவிடலாம். ஸ்வீடனின் ரீநியூசெல், கே.டி.எச். பல்கலைக்கழக ஆய்விலிருந்து பிறந்த நிறுவனம். 2022-ல் ஆண்டுக்கு 60,000 டன் பருத்திக் கழிவைக் கூழாக்கும் ஆலையைத் திறந்தது. வாங்குவோர் போதாமல் 2024 பிப்ரவரியில் திவாலானது. பிறகு கை மாறி, பெயரும் மாறியது.

மேடைக்குத் திரும்பி

கிண்டியில் 1944-ல் தொடங்கிய அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் வேதிப் பொறியியலும் துணி நுட்பமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. அங்கிருந்து கும்மிடிப்பூண்டி ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். வைவாவுக்குப் போகும் ஒவ்வோர் ஆய்வேட்டிலும் கடைசியாக ஒரு பக்கம் சேர்க்கச் சொல்லலாம்: 100 கிலோ துணிக்கு உப்பு எத்தனை கிலோ, கரைப்பான் இழப்பு எத்தனை கிலோ, இரண்டும் எங்கே போகும். 1,000 கிலோ கரைப்பானில் 95% மீட்டோம் என்றால் 50 கிலோ போய்விட்டது என்று பொருள். 99% என்றாலும் 10 கிலோ.

ஏனென்றால் 2016-ன் அபாயக் கழிவு விதிகளின் பட்டியலில் ஆவியாக்கியின் மிச்சமும் உண்டு. அதைப் புதைத்துக் காக்கும் பொது வளாகம் இதே கும்மிடிப்பூண்டி சிப்காட்டில்தான் இருக்கிறது. ஆய்வேட்டில் எழுதாமல் விட்ட உப்பு ஒருநாள் லாரியில் இங்கே வந்து நிற்கும். எடைமேடைக்காரர் ரசீது போட்டுக் கொடுப்பார், கிலோ கணக்கில்.