வீடு எழும் வகை

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்பது நம் பழமொழி. நாம் பிழைக்க வந்த இந்தச் சித்தூர்ச் சீமையில் தெலுங்கரும் அதையே "இல்லு கட்டி சூடு, பெள்ளி சேசி சூடு" என்கின்றனர். அதன் பிற்பாதியைத் தலைப்பாக்கி, 1952-ஆம் ஆண்டில் விஜயா படக்கம்பெனியார் தெலுங்கிலும் தமிழிலும் ஒரு வேடிக்கைப் படம் எடுத்தனர். முற்பாதியின் துயரத்தைப் பாலு மகேந்திரா 1988-இல் 'வீடு' என்னும் தமிழ்ப் படமாக்கினார். கடன் வாங்கி, நகை விற்று, சுவர் எழுப்பிய பிறகு, அந்த மனை முன்னரே அரசாங்க இலாகா எடுத்துக்கொண்ட நிலம் என்று தெரியவருவதே அதன் முடிவு. மனை வாங்க எண்ணும் அன்பர்கள் அந்தப் படத்தை ஒரு முறை பார்த்துவிடுவது நலம்.

பாகாலாச் சந்திப்பைச் சுற்றி வாழும் தமிழ்க் குடும்பங்களில் பல, ரெயில்வே குவார்ட்டர்ஸில் காலம் கழித்தவை. குவார்ட்டர்ஸ் என்பது உத்தியோகத்தோடு வந்து உத்தியோகத்தோடு போவது. ஓய்வு பெறும் நாள் நெருங்கும்போது, "எங்கே போவது?" என்ற கேள்வி கூடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சொந்த ஊரில் கட்டுவதா, இங்கேயே கட்டுவதா என்பதில் கணவனும் மனைவியும் ஒத்துப்போகாத வீடுகளை நாம் அறிவோம்.

இதற்குச் செட்டிநாட்டைப் பார்க்கலாம். நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் ஈட்டிய பொருளைக் கொண்டு காரைக்குடி, கானாடுகாத்தான் முதலிய ஊர்களில் ஒரு தெருவிலிருந்து மறு தெரு வரை நீளும் வீடுகளை எழுப்பினர். திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என அடுக்கடுக்காகப் போகும் அவ்வீடுகளுக்குப் பர்மாத் தேக்கு கப்பலேறி வந்தது. தரைக்கு ஆத்தங்குடிக் கல் பதித்தனர். கண்ணாடிப் பலகையின்மேல் வண்ணக் குழம்பை ஊற்றி, மணலும் சிமெண்டும் அடைத்து, சூளையில் வேகவைக்காமல் நீரில் ஊறவைத்தே இறுகச் செய்யும் கல் அது. சுவர்ப்பூச்சோ அதனினும் அதிசயம். சுண்ணாம்பைப் புளிக்கவைத்து, அரைத்து, பல பூச்சுகள் கொடுத்து, கடைசிப் பூச்சில் முட்டையின் வெண்கருவும் சேர்த்துக் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றினர். கைவைத்தால் பளிங்குபோல் குளிரும். ஆயினும் அத்தகைய வீடுகளில் பல, இன்று ஆண்டில் ஒரு சில நாள் விசேஷத்திற்கு மட்டும் திறக்கப்படுகின்றன. சில இடித்து மரமாகவும் தூணாகவும் விற்கப்பட்டுவிட்டன. வேலைப்பாட்டில் குறையில்லை, குடியிருக்க ஆளில்லை. ஆகவே, எந்த ஊரில் நம் பிள்ளைகள் அடுப்பு மூட்டுவார்களோ அந்த ஊரில் கட்டுவதே முறை என்பது நம் கருத்து. மாறுபடும் அன்பர்கள் இருக்கலாம்.

இங்கே கட்டுவதென்றால் முதல் இடர் மொழி. பத்திரமும் வில்லங்கச் சான்றும் தெலுங்கில் இருக்கும். பேசத் தெரிந்த நம்மில் பலருக்கு வாசிக்கத் தெரியாது. விற்பவரோ தரகரோ படித்துச் சொல்வதைக் கேட்டுக் கையெழுத்திடலாகாது. அந்த வியாபாரத்தில் சம்பந்தமில்லாத ஒருவரைக் கொண்டு வரிக்கு வரி படிக்கச் செய்து, சர்வே எண்ணும் நான்கு எல்லையும் நிலத்தோடு ஒத்திருக்கின்றனவா என்று நேரில் நடந்து பார்க்கவேண்டும்.

அடுத்தது நீர். சுவர்ணமுகி ஆறு பாகாலாவை அடுத்த மலைகளில் தோன்றித் திருப்பதி, காளத்தி வழியாகக் கடலுக்குச் செல்கிறது. ஆண்டில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆறு என்று எண்ணிக் கரையோரம் கட்டியவர்கள், 2021 நவம்பர்ப் பெருமழையில் அதன் உண்மை உருவைக் கண்டனர். திருப்பதியைச் சுற்றிய குடியிருப்புகளில் வெள்ளம் புகுந்தது. இராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு கண்டு கீழூர் மக்களை வெளியேற்ற நேர்ந்தது. மலிவாகக் கிடைக்கும் மனை ஓடைப் பள்ளத்திலோ ஏரியின் வாய்க்காலிலோ இருக்கிறதா என்பதை ஊர்க் கிழவர் ஒருவரைக் கேட்டால் சொல்லிவிடுவார். அதற்குக் கட்டணம் கிடையாது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வோம். மத்திய அரசு ஊழியருக்கான வீடு கட்டும் முன்பணம், 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி, 34 மாத அடிப்படைச் சம்பளம் அல்லது 25 லட்சம் ரூபாய், இவற்றுள் குறைந்ததற்கு மேற்படாது. கையிருப்பையும் கணக்கிட்ட பின்னரே அறைகளின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது உத்தமம்.

இனி வேலை. நூல் கட்டும் நாளில் மேஸ்திரி மூலைமட்டத்தோடு நில்லாமல், ஒரு பக்கம் 3 அடி, மறு பக்கம் 4 அடி அளந்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்ப்பார். வந்தால் மூலை சரி. பள்ளிக்கூடம் போகாத கைகளில் இக்கணக்கு எத்தனை தலைமுறையாக வாழ்கிறது பாருங்கள்! பிறகு வானம் தோண்டுதல். நாம் கடைக்கால் என்பதை இங்கே புனாதி என்பர். இப்பக்கத்துக் கரடுகளில் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை; ஆகவே கல் கட்டடமே அடியில் வரும். கல்லைக் குவித்துச் சந்துகளில் சாந்தை ஊற்றுவது கட்டடமாகாது. சுவரின் இரு புறமும் எட்டும் நீண்ட கற்களை இடையிடையே வைத்துப் பிணைத்தால்தான் அது ஒரே உடம்பாக நிற்கும். மண்மூடிய பின் எவராலும் காண முடியாத வேலை இது. வீட்டுக்காரர் பக்கத்தில் இருக்கவேண்டிய நாட்களும் இவையே.

நிலை வைக்கும் நாள் ஒரு சிறு திருமணத்துக்கு ஒப்பானது. தெலுங்கர் நிலையைத் துவாரபந்தம் என்றும், நிலைப்படியைக் கடப என்றும் அழைப்பர். திருப்பதிக்கு வாயிற்படியாய் அமைந்ததால்தான் கடப்பை நகருக்கு அப்பெயர் என்று இப்பக்கத்தார் சொல்வதுண்டு. நிலைக்கு அடியில் நவதானியமும் நாணயமும் இட்டு, மஞ்சள் பூசி, மாவிலை கட்டி நிறுத்துகின்றனர். தச்சர், இங்கே வட்ரங்கி எனப்படுபவர், அன்று புதுத் துணி பெறுவார். மரம் தேக்கோ வேம்போ நன்கு உலர்ந்ததாக இருத்தல் முக்கியம். பச்சை மரத்தில் செய்த நிலை, சுவருக்குள் இருந்தபடியே முறுக்கிக்கொள்ளும். அப்புறம் மழைக்காலத்தில் கதவு சாத்தாது. "செஞ்சந்தனக் கட்டை மலிவாகத் தருகிறேன்" என்று எவரேனும் இரவில் வந்து சொன்னால், கதவைத் தாழிட்டுக்கொள்ளுங்கள். சேஷாசல மலைக்காட்டில் அதை வெட்டுவது குற்றம்.

செங்கல்லைத் தட்டினால் மணியோசை வரவேண்டும். நீரில் நன்றாக ஊறவைத்த பின்னரே சுவரில் ஏற்றவேண்டும். உலர்ந்த கல் சாந்திலுள்ள ஈரத்தைக் குடித்துவிடும். தூக்குக் குண்டு ஒவ்வொரு வரிசைக்கும் தொங்கட்டும்.

கூரையைப் பற்றிச் சொல்லும்போது நம் மனம் பழைய மெத்தைத் தளத்தின்மேல் செல்கிறது. மெட்ராஸ் டெரஸ் என்று பெயர் பெற்ற முறை அது. தேக்கு உத்திரங்களின்மேல், ஒரு அங்குலக் கனமுள்ள சிறு செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மூலைவாட்டில் சுண்ணாம்புச் சாந்தால் ஒட்டிக்கொண்டே போவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையைப் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டையால் நாட்கணக்கில் தட்டுவார்கள். கட்டை எகிறும் ஓசை வரும்வரை தட்டு நிற்காது. கடைசியில் தட்டோடு பதித்து முடிப்பார்கள். சித்திரை வெயிலில் அத்தளத்தின் கீழ்ப் படுத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். இன்று அந்த மரமும் அந்தக் கூலியும் நம் போன்றவர்க்குக் கட்டுபடியாகா. கான்கிரீட்டுக்கு வந்துவிட்டோம்.

கான்கிரீட்டில் கைவேலை இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். கம்பி பலகையைத் தொடாமல் 20 மில்லிமீட்டராவது தூக்கி நிற்கவேண்டும். தொட்டால் சில ஆண்டுகளில் துருவேறிக் காரை உதிரும். கலவை சுலபமாக ஓடட்டும் என்று ஆட்கள் குடம் குடமாக நீர் சேர்ப்பார்கள். 50 கிலோ மூட்டை ஒன்றுக்குச் சுமார் 25 லிட்டர் நீரே அளவு. மிகுந்த நீர் ஆவியாகிப் போன இடமெல்லாம் நுண்ணிய துளை. தளம் போட்ட மறுநாள் பாத்தி கட்டி நீர் நிறுத்தவேண்டும். இந்தியத் தர நிர்ணயம் 456, 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு, சாதாரணச் சிமெண்டுக்கு 7 நாளும் கலப்புச் சிமெண்டுக்கு 10 நாளும் குறைந்த கெடு என்கிறது. இக்காலத்து மூட்டைகளில் பெரும்பாலானவை கலப்புச் சிமெண்டே. நாலரை மீட்டருக்கு மேற்பட்ட அகலமானால், முட்டுகளை 14 நாளுக்கு முன் அசைக்கக்கூடாது. பலகை வாடகைக்காரர் அவசரப்படுத்துவார், படுத்தட்டும். கோடையில் ஆழ்குழாய்க் கிணறுகள் வற்றும் ஊர் இது. ஆதலால் தளம் போடும் வேலையை மார்கழி, தை மாதங்களில் வைத்துக்கொள்ளும்படி இங்குள்ள மேஸ்திரிகளே சொல்கின்றனர்.

பூச்சு, மின்கம்பி, குழாய் ஆகியவை அதன்பின் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வரும். தரைக்குக் கடப்பைக் கல் அருகிலேயே கிடைக்கிறது. கால் வழுக்காத மழமழப்பில் போட்டால் முதியோர்க்கும் ஏற்றது. பால் காய்ச்சும் நாளில் மேஸ்திரியையும் வட்ரங்கியையும் சித்தாள் பெண்களையும் முதற் பந்தியில் உட்காரவைப்பது நம் இரு மொழியாரிடையேயும் உள்ள நல்ல வழக்கம். கூலி பாக்கியை அதற்கு முந்தின நாளே தீர்த்துவிடுவது நலம். வர்ணத்துக்கு அவசரம் இல்லை. ஒரு மழைக்காலம் கழியட்டும். சுவர் எங்கே ஈரம் காட்டுகிறது என்று பார்த்து, அதை அடைத்த பின் பூசலாம். அதுவரை வெள்ளைச் சுண்ணாம்பே போதும்.