விளையாட்டு வீரர் தேர்வில் முடிவெடுப்புக் கோட்பாடு

முடிவெடுப்புக் கோட்பாடு என்பது, விளைவு உறுதியாகத் தெரியாத நிலையில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை ஆராயும் துறை ஆகும். இரண்டு இளம் ஹாக்கி வீரர்களுள் ஒருவரைத் தெரிவு செய்வது இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு.

பின்னணி

வட அமெரிக்கப் பனி ஹாக்கியில் அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தெரிவு செய்கின்றன. இந்தியாவில் ஏல முறை உள்ளது. 2017-க்குப் பின் நின்றிருந்த ஹாக்கி இந்தியா லீக் போட்டிக்கான ஏலம் 2024 அக்டோபரில் தில்லியில் நடைபெற்றது. அந்த ஏலத்தில் ஆடவர் அணி ஒவ்வொன்றுக்கும் செலவு வரம்பு 4 கோடி ரூபாயாக இருந்தது. 24 பேர் கொண்ட அணியில் 4 இளையோர் கட்டாயம் இடம்பெற வேண்டியிருந்தது. தமிழ்நாடு டிராகன்ஸ் அணியும் இவ்விதிகளின்படியே வீரர்களை எடுத்தது.

எடுத்துக்காட்டு

ஒரே ஓர் இளையோர் இடம் மீதம் உள்ளது எனக் கொள்வோம். திருவொற்றியூரைச் சேர்ந்த 'அ' நடுக்கள வீரர். பல போட்டிகளில் ஒரே சீராக ஆடியவர். எண்ணூரைச் சேர்ந்த 'ஆ' மண் தரையில் பயின்றவர். பெனால்டி கார்னர் அடிப்பதில் வல்லவர். ஆனால் தேர்வாளர்கள் அவரை இரண்டு போட்டிகளில் மட்டுமே பார்த்துள்ளனர். இருவரும் கற்பனை வீரர்கள். கீழுள்ள மதிப்பெண்களும் விளக்கத்திற்காக வைத்துக்கொண்டவையே.

அ: சிறந்தால் 64 (நிகழ்தகவு 0.2), நடுத்தரம் 49 (0.6), தவறினால் 36 (0.2)
ஆ: சிறந்தால் 100 (0.3), நடுத்தரம் 49 (0.4), தவறினால் 9 (0.3)

மூன்று விதிகள்

1. எதிர்பார்ப்பு மதிப்பு: ஒவ்வொரு மதிப்பெண்ணையும் அதன் நிகழ்தகவால் பெருக்கிக் கூட்ட வேண்டும். அ: 12.8 + 29.4 + 7.2 = 49.4. ஆ: 30 + 19.6 + 2.7 = 52.3. 'ஆ' முந்துகிறார்.

2. மோசமான நிலையை ஒப்பிடுதல்: ஆபிரகாம் வால்டு முன்வைத்த விதி இது. 36, 9 ஆகியவற்றுள் 36 பெரியது. எனவே 'அ'.

3. பயன்பாட்டு மதிப்பு: கிடைப்பது கூடக்கூட, அடுத்த ஒரு மதிப்பெண் தரும் மனநிறைவு குறையும் என்பது 1738-இல் டேனியல் பெர்னோலி விளக்கிய கருத்து. இதைக் காட்ட வர்க்கமூலம் எடுத்தால், அ: 1.6 + 4.2 + 1.2 = 7.0, ஆ: 3 + 2.8 + 0.9 = 6.7. இங்கும் 'அ'.

எந்த விதி பொருந்தும்?

கணக்கு ஒன்றே, விடை மாறுவதற்குக் காரணம் இழப்பைத் தாங்கும் ஆற்றல். நான்கு இளையோருள் ஒருவர் தவறினாலும் கழக அணி சமாளித்துவிடும். அது எதிர்பார்ப்பு மதிப்பைப் பின்பற்றலாம். ஒரே கோல்காப்பாளரை நம்பியிருக்கும் பள்ளி அணிக்கு அது பொருந்தாது.

தகவலின் மதிப்பு

'ஆ'வின் விளைவுகள் இவ்வளவு விரிந்து கிடப்பதற்கு அவரைப் பற்றிய தகவல் குறைவாக இருப்பதும் காரணம். அவர் எந்த நிலையை அடைவார் என்பதை முன்கூட்டியே அறிய முடிந்தால், அவர் சிறப்பார் எனத் தெரியும்போது மட்டும் அவரையும், மற்ற நேரங்களில் 'அ'வையும் எடுக்கலாம். அப்போது மதிப்பு 0.3 × 100 + 0.7 × 49.4 = 64.58. முன்பிருந்த 52.3-ஐக் கழித்தால் 12.28. ஒரு பயிற்சி முகாமில் அவரைக் கூடுதலாகக் கவனிப்பதற்கு இந்த அளவு வரை செலவிடுவது தகும்.

பார்க்கப்படாமை திறமையின்மை ஆகாது. எப்போதும் பாதுகாப்பான விதியையே பின்பற்றும் தேர்வாளர், வசதியான மைதானமும் பெரிய போட்டிகளும் எட்டாத மாணவரை ஒவ்வொரு முறையும் விலக்கிவிடுவார். ஆகவே தீர்ப்புக்கு முன் இன்னும் ஒரு போட்டியில் பார்ப்பது இரக்கத்தால் செய்வதன்று. கணக்கே அதைப் பரிந்துரைக்கிறது. திருக்குறள் 'தெரிந்து தெளிதல்' என ஓர் அதிகாரத்தையே இதற்கு ஒதுக்கியிருப்பது இங்கு நினைக்கத்தக்கது.