மருமகனுக்கும் ஒரு டெஸ்ட்

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க, ஒண்ணு கேக்கணும்" என்று தொடங்கும் பேச்சு எங்கள் பக்கம் பெரும்பாலும் கைமாற்றில்தான் போய் முடியும். அன்றைக்கு அப்படி முடியவில்லை. அனுப்பம்பட்டு ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கும்மிடிப்பூண்டி வண்டி போய்விட்டதால் கடையில் கூட்டம் இல்லை. அவர் பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பத்துக்காரர், அனுப்பம்பட்டில் பெண் எடுத்தவர். கல்யாணமாகி நாலு வருஷம். மாமியார் வீட்டுக்கு வரும்போதெல்லாம் தெருவில் எதிர்ப்படுகிறவர்கள், "என்னப்பா, ஏதாவது விசேஷம் உண்டா?" என்று விசாரிக்கிறார்களாம்.

"என்ன சாப்ட்டா கவுண்ட் ஏறும்ணா?"

"இப்ப கவுண்ட் எவ்ளோ தம்பி?"

"அதப் பாக்கலியே."

மனைவிக்கு என்னென்ன பார்த்தார்கள் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். ஸ்கேன் பல தடவை, தைராய்டு, சர்க்கரை, கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று மருந்து செலுத்தி எடுத்த எக்ஸ்ரே. அந்த எக்ஸ்ரே அன்று வலியில் அழுதாராம். கோயில், பரிகாரம், விரதம் எல்லாம் தனிக் கணக்கு. இவருக்கு ஒன்றுமே பார்க்கவில்லை. "எனக்கு ஒரு கொறையும் இல்லண்ணா. அந்த விஷயத்துல நல்லாத்தான் இருக்கேன்" என்றார், குரலைத் தாழ்த்தி.

நான் டாக்டர் இல்லை, மருத்துவச் சேதிகளைப் படித்து எழுதிப் பிழைக்கிறவன். ஆனாலும் இந்த இடத்தில் டீயைக் கீழே வைத்துவிட்டுப் பேச வேண்டியிருந்தது. ஆசை, விறைப்பு, விந்து வெளியேறுவது எல்லாம் ஒரு கணக்கு. அந்த விந்தில் அணுக்கள் இருக்கின்றனவா, நீந்துகின்றனவா என்பது வேறு கணக்கு. வெளியேறும் திரவத்தில் பெரும்பங்கு விந்துப்பைகளிலும் புராஸ்டேட் சுரப்பியிலும் ஊறுவது. விதையிலிருந்து வரும் அணுக்கள் அதில் அளவில் தெரியாத சிறு பங்கு. அதனால் அணுவே இல்லாவிட்டாலும் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. நூறு ஆண்களில் ஒருவருக்கு விந்தில் அணு ஒன்றுகூட இருப்பதில்லை. அவர்களில் பலர் எந்தக் குறையும் உணராமல் தாம்பத்தியம் நடத்துகிறவர்கள்தான்.

உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது குழந்தைப் பேறு தள்ளிப்போகும் சிக்கலைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னது. அப்படித் தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் காரணம் இருக்கும். அப்படியிருக்க, வலியில்லாத, சில நூறு ரூபாயில் முடிகிற விந்துப் பரிசோதனையைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, வலிக்கிற, செலவு பிடிக்கிற பரிசோதனைகளை எல்லாம் பெண்ணிடம் முதலில் செய்வது எனக்கு அநியாயமாகத்தான் படுகிறது. அதைச் சொன்னேன். அவர் பொறையை டீயில் முக்கியபடி பேசாமல் இருந்தார்.

பரிசோதனைக்கு முன் உறவோ சுய இன்பமோ இல்லாமல் குறைந்தது 2 நாள், அதிகபட்சம் 7 நாள் இருக்க வேண்டும். மாதிரியை லேபிலேயே கொடுப்பது நல்லது. வீட்டில் எடுத்தால் உடம்புச் சூடு குறையாமல் ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். குப்பத்திலிருந்து பொன்னேரி பஸ்ஸை நம்பி அதைச் செய்ய முடியாது. ஆணுறையில் பிடித்து எடுத்துப்போகக் கூடாது, அதன் ரப்பரும் வழவழப்பும் அணுக்களைக் கெடுத்துவிடும். 2021-ல் வந்த உலக சுகாதார நிறுவனக் கையேட்டின்படி கீழ் எல்லை இது: அளவு 1.4 மில்லி, மில்லிக்கு 1 கோடியே 60 லட்சம் அணுக்கள், அசைபவை 42 சதவீதம், சரியான வடிவம் கொண்டவை 4 சதவீதம். கடைசி எண்ணைப் பார்த்து மிரளாதவர் குறைவு. ரிப்போர்ட்டில் "96 சதவீதம் குறையுள்ளவை" என்று அச்சடித்திருந்தாலும் அது எல்லைக்குள்தான். ஓராண்டுக்குள் மனைவியைக் கருவுறச் செய்த ஆண்களின் விந்தை ஆராய்ந்துதான் இந்த எண்களை வகுத்தார்கள். ஆகவே இதற்குக் கீழே வந்தால் குழந்தையே பிறக்காது என்று பொருளில்லை. ஒரு ரிப்போர்ட் மோசமாக வந்தால் சில வாரம் விட்டு இன்னொன்று எடுக்க வேண்டும். இரண்டு மாதம் முன்னால் வந்த கடுங்காய்ச்சல்கூட எண்ணைக் கீழே இறக்கியிருக்கலாம்.

ஏன் இரண்டு மாதம்? விதைக்குள் ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ 74 நாள் ஆகிறது. அதன் பிறகு விதையின் மேல் சுருண்டு கிடக்கும் மெல்லிய குழாயில் நகர்ந்து, நீந்தும் தெம்பு பெற இன்னும் ஒன்றிரண்டு வாரம். கூட்டிப் பார்த்தால் மூன்று மாதம்.

"தடைக்காலமே 61 நாள்தானேண்ணா. மீனுக்கு அது போதுது, நமக்கு பத்தாதா?" என்றார். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் கரையில் நிற்கிற கணக்கு அவருக்கு மனப்பாடம். பத்தாது என்றேன். இன்றைக்குப் புகையிலையைத் துப்பினால் அதன் பலனைப் பார்க்க மூன்று மாதம் கழித்து எடுக்கும் ரிப்போர்ட்தான் சாட்சி. பத்து நாள் லேகியம் தின்றுவிட்டு "ஒண்ணும் ஏறல" என்று கைவிடுகிறவரும் சரி, பத்து நாளில் ஏறிவிட்டது என்று விளம்பரம் செய்கிறவரும் சரி, இந்தக் கணக்கை மறந்தவர்கள்.

புகையிலை என்றதும் கீழுதட்டுக்குள் நாக்கால் துழாவிக்கொண்டார். தமிழ்நாட்டில் 2013-லேயே குட்காவுக்குத் தடை வந்துவிட்டது. உதட்டுக்கடியில் அடக்குகிற பொட்டலம் மட்டும் எப்படியோ எல்லாக் குப்பத்துக்கும் வந்து சேர்கிறது. ராத்திரி வலைக்குப் போகிறவர்களுக்குத் தூக்கம் வராமல் இருக்க அதுதான் துணை என்பார்கள். புகைப்பதுதான் கெடுதல், மெல்லுவதில் ஒன்றுமில்லை என்று நினைக்கிறவர்களுக்காக ஒரு ஆய்வைச் சொல்கிறேன். குழந்தையின்மைக்காகப் பரிசோதனைக்கு வந்த 638 இந்திய ஆண்களிடம் நடந்தது, 2005-ல் வெளியானது. எல்லோரும் புகையிலை மெல்லுகிறவர்கள். எவ்வளவு அதிகம் மென்றார்களோ அவ்வளவுக்கு விந்தணு எண்ணிக்கையும் அசைவும் வடிவமும் கெட்டிருந்தன.

சூடு இன்னொன்று. விதைகள் உடம்புக்கு வெளியே தொங்குவதே உடல் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருக்கத்தான். படகில் இன்ஜின் பெட்டி மேல் மணிக்கணக்கில் உட்காருவது, காட்டுப்பள்ளிப் பக்கம் வெல்டிங் வேலை, ஓட்டல் அடுப்படி, மடியில் லேப்டாப், இறுக்கமான ஜீன்ஸ் எல்லாம் அந்த இடத்தைச் சூடாக்குபவை. அமெரிக்காவில் 656 ஆண்களிடம் 2018-ல் பார்த்ததில், தளர்வான உள்ளாடை போடுகிறவர்களுக்கு இறுக்கமானது போடுகிறவர்களைவிட அணுச் செறிவு 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. கைலி கட்டுகிற நம் ஆட்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இவரோ அன்று ஒட்டப்பிடித்த ஜீன்ஸில் வந்திருந்தார். மாமியார் வீடாயிற்றே.

குவார்ட்டர் விஷயத்தை நீட்டவில்லை. தினமும் குடிப்பது டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கும், கல்லீரலையும் கெடுக்கும், அவ்வளவுதான். தொப்பை அதைவிடப் பேச வேண்டியது. கொழுப்புத் திசு ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றிக்கொண்டே இருக்கும். டென்மார்க்கில் உடல் பருமனான 56 ஆண்களை 8 வாரம் குறைந்த கலோரி உணவில் வைத்தார்கள். சராசரியாக 16 கிலோவுக்கு மேல் குறைந்தது, விந்தணுச் செறிவு ஏறக்குறைய பாதி அளவு கூடியது. எடையைத் திரும்ப ஏறவிடாதவர்களுக்கு ஓராண்டு கழித்தும் அந்தப் பலன் நின்றது. 2022-ல் வந்த முடிவு இது. எந்தப் பவுடரும் இவ்வளவு செய்ததாக நான் படித்ததில்லை.

இனிமேல்தான் அவர் கேட்ட கேள்வி. என்ன சாப்பிடுவது? 'முந்தானை முடிச்சு' 1983-ல் வந்ததிலிருந்து முருங்கைக்காயைத் தட்டில் பார்த்தால் பக்கத்தில் இருப்பவர் சிரிக்காமல் இருப்பதில்லை. முருங்கை நல்ல காய், கீரை அதைவிட நல்லது. ஆனால் படம் பேசியது ஆசையைப் பற்றி, அணுவைப் பற்றி அல்ல. அமெரிக்காவில் 117 இளைஞர்களில் ஒரு பகுதியினருக்குத் தினம் 75 கிராம் வால்நட் கொடுத்தார்கள். 12 வாரத்தில் அவர்களின் அணுக்களின் உயிர்ப்பும் அசைவும் மேம்பட்டன. அந்தப் பருப்பு விற்கிற விலைக்கு அவர் வலையில் விழும் மீனை விற்று மாளாது. அதற்கு அவசியமும் இல்லை. வால்நட்டில் இருக்கும் ஒமேகா-3 கொழுப்பை உடம்பு மாற்றித்தான் பயன்படுத்த முடியும். மத்தியிலும் கவலையிலும் கானாங்கத்தையிலும் அது மாற்றிய நிலையிலேயே கிடைக்கிறது. அவர் வீட்டில் இரவுக்கு என்ன என்று கேட்டேன். மீனை ஏலத்தில் போட்டுவிட்டு வரும் வழியில் பரோட்டாவும் சில்லி சிக்கனும் வாங்கிப் போகிறாராம். இறாலும் நண்டும் விலைக்குப் போகட்டும். விலை போகாத மத்தியைக் குழம்பு வைத்துத் தின்னலாம், பொரிக்காமல். கூடவே கீரை, பயறு, கொய்யா, ஒரு கை வேர்க்கடலை. சோடாவும் கலர் பானமும் வேண்டாம்.

துத்தநாகம் அதிகம் உள்ள உணவு எது என்று தேடினால் ஆளி முதலில் வரும். பழவேற்காடு ஏரியில் ஆளி இருக்கிறது. ஆனால் அது தண்ணீரை வடிகட்டித் தின்னும் பிராணி, தண்ணீரில் கலந்த ஈயத்தையும் காட்மியத்தையும் சேர்த்தே உடம்பில் சேமிக்கும். தெற்கே எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த கதை ஊரறிந்தது. அந்தப் பக்கத்து ஆளியை யாருக்கும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். துத்தநாக மாத்திரை? சிகிச்சைக்கு வந்த 2,370 ஆண்களை வைத்து அமெரிக்காவில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். துத்தநாகமும் போலிக் அமிலமும் ஆறு மாதம் கொடுத்தும், சும்மா மாத்திரை தின்றவர்களைவிட ஒரு குழந்தையும் கூடுதலாகப் பிறக்கவில்லை. 2020-ல் முடிவு வந்தது; மருந்துக்கடைகளில் அந்த டப்பா இன்னும் விற்கிறது.

விஷம் என்று பேச்சு வந்ததால் ஒரு பழைய சம்பவம் சொன்னேன். கலிபோர்னியாவில் லாத்ரோப் என்ற ஊரில் பூச்சிமருந்து ஆலை ஒன்று இருந்தது. மண்ணில் வேர்ப்புழுவைக் கொல்லும் டிபிசிபி என்ற மருந்தை அங்கே தயாரித்தார்கள். 1977-ல் அங்கே வேலை செய்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோது, அந்த மருந்தைத் தயாரிக்கும் பிரிவில் சேர்ந்த பிறகு பெரும்பாலானோருக்குக் குழந்தை பிறக்கவில்லை என்பது தட்டுப்பட்டது. அதிகாரியோ டாக்டரோ கண்டுபிடித்ததில்லை. ஆளாளுக்குத் தன் வீட்டுக் குறை என்று மூடி வைத்திருந்ததை வெளியே சொன்னதால்தான் தெரிந்தது. விந்துப் பரிசோதனை செய்தால், பலருக்கு அணு மிகக் குறைவு, சிலருக்கு அறவே இல்லை. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவில் அந்த மருந்துக்குத் தடை வந்தது. வேலையை விட்டபின் சிலர் தேறினார்கள், அணுவே அற்றுப்போனவர்களில் பலர் தேறவில்லை. இவர் மாமனார் நெல்லுக்கு மருந்தடிக்கும்போது இவரும் கூட நிற்கிறாராம், முகத்தில் துண்டுகூட இல்லாமல். கையுறை, முகமூடி, வேலை முடிந்த கையோடு குளியல், அந்தத் துணியைத் தனியாகத் துவைப்பது என்று சொல்லி வைத்தேன்.

ஜிம்முக்குப் போகிற தம்பிமார் போட்டுக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஊசியைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். ஆண்மை ஊசி என்ற பெயரில் அது விந்தணு உற்பத்தியை நிறுத்திவிடும். வெளியிலிருந்து ஹார்மோன் வந்துகொண்டிருந்தால் மூளை விதைகளுக்கு உத்தரவு அனுப்புவதை விட்டுவிடுகிறது. லாட்ஜில் அறை எடுத்துத் தேதி போட்டு வருகிற வைத்தியர் தருகிற பொடியில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

மத்தியும் கீரையும் தொட முடியாத காரணங்களும் உண்டு. விதைப்பைக்குள் ரத்தக்குழாய்கள் புடைத்துச் சுருண்டிருக்கும் வெரிகோசீல், குழந்தையின்மைக்காக வரும் ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு இருக்கும். நின்றபடி டாக்டர் கையால் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடலாம், தேவைப்பட்டால் அறுவை செய்யலாம். சிறுவயதில் விதை இறங்காமல் இருந்தது, வயது வந்தபின் பொன்னுக்கு வீங்கி வந்து விதை வீங்கியது, பால்வினை நோயால் குழாய் அடைத்தது, இதெல்லாம் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை. ஸ்டான்லி மருத்துவமனையில் சிறுநீரகவியல் பிரிவு இருக்கிறது. எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் கருத்தரிப்பு மையமே வந்துவிட்டது.

"அப்ப மூணு மாசம் இதெல்லாம் விட்டுட்டு அப்புறமா டெஸ்டுக்குப் போலாமாண்ணா?"

வேண்டாம், இந்த வாரமே போங்கள் என்றேன். முதல் ரிப்போர்ட் கையில் இருந்தால்தான் மூன்று மாதம் கழித்து ஏறியதா இறங்கியதா என்று ஒப்பிட முடியும். அணுவே இல்லை என்று வந்தால் அந்த மூன்று மாதத்தையும் வீணாக்கியிருக்க மாட்டோம். அப்புறம் மனைவிக்கு வயது என்ன என்று கேட்டேன். முப்பத்து நாலு முடியப்போகிறது என்றார். முப்பத்தைந்து தாண்டிய பெண்ணுக்கு டாக்டர்கள் ஓராண்டு காத்திருக்கச் சொல்வதில்லை, ஆறு மாதத்தில் வரச் சொல்கிறார்கள். இவர்களுக்கோ நாலு வருஷம் போய்விட்டது. அதனால் புகையிலையை விடுவதும் எடையைக் குறைப்பதும் ஒரு பக்கம் நடக்கட்டும், இருவரும் சேர்ந்து டாக்டரைப் பார்ப்பது இன்னொரு பக்கம் அதே வாரத்தில் நடக்க வேண்டும்.