யாருடைய ஒன்பது மணி?

"மார்ச் 14, சனிக்கிழமை இரவு 9 மணி ஈ.எஸ்.டி. / ஞாயிறு காலை 6:30 ஐ.எஸ்.டி." நேரலை இலக்கியக் கூட்டங்களின் அழைப்பிதழ்களில் இப்படி ஒரு வரியை நீங்கள் பலமுறை பார்த்திருப்பீர்கள். மனிதர்கள் படிக்கும்வரை இதில் சிக்கல் இல்லை. எடிசனில் இருப்பவர் தன் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து 9 மணிக்கு வந்துவிடுவார். நாகர்கோவிலில் இருக்கும் பேச்சாளர் விடிகாலையிலேயே எழுந்து, 6:30க்குக் கணினியின் முன் அமர்ந்துவிடுவார்.

இதே வரியைக் கணினி படித்தால் கதை மாறுகிறது. ஈ.எஸ்.டி. என்பது அமெரிக்கக் கிழக்குக் கரையின் குளிர்கால நேரம். அது உலகப் பொதுநேரமான யு.டி.சி.க்கு 5 மணி நேரம் பின்தங்கியது. 2026 இல் மார்ச் 8 அன்று நியூ ஜெர்சி கோடை நேரத்துக்கு, அதாவது ஈ.டி.டி.க்கு மாறியது. அன்று முதல் வித்தியாசம் 4 மணி நேரம்தான். ஆகவே "இரவு 9 மணி ஈ.எஸ்.டி." என்பதைக் கணினி சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டால், மார்ச் 14 அன்று அது நியூ ஜெர்சிக் கடிகாரத்தில் இரவு 10 மணி, இந்தியாவில் ஞாயிறு காலை 7:30. அழைப்பிதழின் ஒரே வரியில் இருக்கும் இரண்டு நேரங்களும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன.

கூட்டத்துக்கு முந்தைய நாள் தானாகப் போகும் நினைவூட்டல் கடிதத்தில் இந்த முரண் வெளிப்படும். பாதிப் பேர் சுவரொட்டியை நம்பி வருவார்கள், பாதிப் பேர் கடிதத்தை நம்பி வருவார்கள். எழுபது வயதைக் கடந்த ஓர் எழுத்தாளர் வெற்றுத் திரையைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் காத்திருக்க நேரிடும். அதைவிட மோசம், அவர் பேசி முடிக்கும் தறுவாயில் கேட்க வேண்டியவர்கள் உள்ளே நுழைவது. தன்னார்வலர்கள் நடத்தும் கூட்டங்களுக்கு ஒருவர் மறுபடி வருவதும் வராமல் போவதும் இப்படிப்பட்ட சிறு விஷயங்களைப் பொறுத்தது. ஆகவே, இந்தப் பிழை எங்கே பிறக்கிறது, எப்படித் திருத்துவது என்று பார்ப்போம்.

கடிதத்தின் முதுகில் இருக்கும் முத்திரை

ஒவ்வொரு மின்னஞ்சலிலும் நம் கண்ணுக்குத் தெரியாத தலைப்பு வரிகள் உண்டு. ஜிமெயிலில் கடிதத்தின் மேலே உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, அசல் வடிவத்தைக் காட்டச் சொன்னால் அவற்றைப் பார்க்கலாம். அவற்றில் "டேட்" என்ற வரி, கடிதத்தை அனுப்பிய நிரல் தானே எழுதிக்கொள்வது. "ரிசீவ்ட்" என்று தொடங்கும் வரிகள், வழியில் இருக்கும் ஒவ்வொரு சர்வரும் குத்தும் முத்திரைகள். பழைய தபால் உறையில் அனுப்பியவர் எழுதிய தேதியும், அஞ்சலகங்களின் முத்திரைத் தேதிகளும் இருந்ததைப் போலத்தான்.

ஒரு நினைவூட்டல் மார்ச் 14 காலை 9 மணிக்கு நியூ ஜெர்சியிலிருந்து புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். டேட் வரி "சனி, 14 மார்ச் 2026 09:00:00 -0400" என்று இருக்க வேண்டும். கடைசியில் இருக்கும் -0400தான் நேர வித்தியாசம். யாரோ குளிர்காலத்தில் நிரல் எழுதும்போது -0500 என்று கையால் எழுதி வைத்திருந்தால், கடிதம் தன்னைப் பகல் 2 மணி யு.டி.சி. என்று அறிவித்துக்கொள்ளும். சர்வர்களின் முத்திரையோ பகல் 1 மணி யு.டி.சி. என்று இருக்கும். கடிதம் ஒரு மணி நேரம் எதிர்காலத்திலிருந்து வந்ததாக ஆகிவிடுகிறது.

நோயைக் கண்டறியும் வழியும் இதுதான். டேட் வரியையும் முதல் சர்வரின் முத்திரையையும் யு.டி.சி.க்கு மாற்றி ஒப்பிடுங்கள். சில நொடிகள் வேறுபட்டால் கவலையில்லை. கச்சிதமாக ஒரு மணி நேரமோ ஐந்தரை மணி நேரமோ வேறுபட்டால், அனுப்பும் நிரல் வித்தியாசத்தைத் தவறாக எழுதுகிறது. முத்திரைகள் சரியாக இருந்து, கடிதத்தின் உள்ளே அச்சான நேரம் மட்டும் தவறென்றால், பிழை மாதிரிக் கடிதத்தில் இருக்கிறது. இரண்டும் வெவ்வேறு இடங்கள். ஒன்றைத் திருத்தினால் மற்றது சரியாகாது.

அடிக்கடி வரும் நான்கு பிழைகள்

முதலாவது, மேலே சொன்னது: கோடையிலும் மாறாத -0500.

இரண்டாவது, ஐ.எஸ்.டி. இந்தியா, இஸ்ரேல், அயர்லாந்து மூன்றும் இந்தச் சுருக்கத்தைப் பயன்படுத்துகின்றன. மின்னஞ்சலின் வடிவத்தை வரையறுக்கும் ஆர்.எஃப்.சி. 5322 என்ற 2008ஆம் ஆண்டு ஆவணம், பழைய கடிதங்களுக்காக ஈ.எஸ்.டி., ஈ.டி.டி., சி.எஸ்.டி., பி.எஸ்.டி. போன்ற அமெரிக்கச் சுருக்கங்களுக்குப் பொருள் தருகிறது. பொருள் தெரியாத வேறு சுருக்கம் வந்தால் அதை -0000 என்று, அதாவது யு.டி.சி. என்று, எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. டேட் வரியில் "18:30 ஐ.எஸ்.டி." என்று எழுதினால் அது மாலை 6:30 யு.டி.சி. ஆகிவிடும். சென்னை வாசகரின் பெட்டியில் அந்தக் கடிதம் நள்ளிரவு 12 மணி என்று காட்டும். ஸ்பாம் அசாசின் போன்ற வடிகட்டிகளில், தேதி 3 முதல் 6 மணி நேரம் எதிர்காலத்தில் இருந்தால் சந்தேக மதிப்பெண் கூட்டும் விதி உண்டு. ஐந்தரை மணி நேரப் பிழை அந்த வலைக்குள் போய் விழும். "எனக்குக் கடிதமே வரவில்லை" என்று சொல்பவர்கள் தங்கள் குப்பைப் பெட்டியைப் பார்ப்பது நல்லது.

மூன்றாவது, அரை மணி நேரம். இந்திய வித்தியாசத்தை 5.30 என்று விரிதாளில் எழுதினால் கணினிக்கு அது ஐந்து மணியும் பத்தில் மூன்று பங்கும், அதாவது 5 மணி 18 நிமிடம். 5.5 என்றோ +05:30 என்றோதான் எழுத வேண்டும். முழு எண்ணை மட்டும் ஏற்கும் நிரல் அதை 5 ஆக்கி, கூட்டத்தை அரை மணி நேரம் நகர்த்திவிடும்.

நான்காவது, கிழமை. நியூ ஜெர்சியில் சனி இரவு 9 மணி என்பது யு.டி.சி.யில் ஞாயிறு. நிரல் மணியை உள்ளூர் நேரத்திலிருந்தும் தேதியை யு.டி.சி.யிலிருந்தும் எடுத்தால், "ஞாயிறு இரவு 9 மணி" என்று அச்சாகும். ஒரு நாள் முழுதும் போய்விடும்.

வித்தியாசம் ஊரின் குணம் அல்ல

இந்தப் பிழைகளில் பெரும்பாலானவற்றின் அடியில் ஒரே நம்பிக்கை இருக்கிறது: ஓர் ஊருக்கு ஒரு நேர வித்தியாசம் என்றென்றைக்கும் உண்டு என்பது. நம் ஊர்களின் வரலாறே அதை மறுக்கிறது. 1906க்கு முன் சென்னைக்கு, கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முந்திய தனி நேரம் இருந்தது. இந்திய ரயில்வேக்கள் அதைப் பயன்படுத்தின. 1942 முதல் 1945 வரை, போர்க்காலத்தில், இந்தியா முழுவதும் ஆறரை மணி நேரம் முந்தியிருந்தது. சிங்கப்பூரும் மலேசியாவும் 1982 தொடக்கத்தில்தான் ஏழரையிலிருந்து எட்டுக்கு வந்தன.

இலங்கையின் கதை இன்னும் அண்மையது. 1996 மே மாதம் ஐந்தரையிலிருந்து ஆறரைக்குப் போனது. அதே ஆண்டு அக்டோபரில் ஆறாகியது. 2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரைக்கு வந்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் 1996க்குப் பிறகும் பழைய நேரமே வழங்கியது. ஒரே தீவில் இரண்டு கடிகாரங்கள். 2001இல் கொழும்பிலிருந்து வந்த கடிதத்தில் +0600 என்று இருந்தால் அது பிழையில்லை.

அமெரிக்காவிலும் விதி நிலையானதல்ல. இப்போதிருக்கும் மார்ச் இரண்டாம் ஞாயிறு, நவம்பர் முதல் ஞாயிறு என்ற கணக்கு 2005ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்து 2007 முதல் நடைமுறையில் இருக்கிறது. கலிபோர்னியா வாக்காளர்கள் 2018இல், கடிகாரம் மாற்றும் வழக்கத்தைச் சட்டமன்றம் மாற்றியமைக்க வழிவிடும் ஏழாம் முன்மொழிவை ஏற்றார்கள். 2022 மார்ச்சில் செனட், நிரந்தரக் கோடை நேரத்துக்கான மசோதாவை நிறைவேற்றியது. பிரதிநிதிகள் சபை அதை எடுத்துக்கொள்ளவில்லை. எப்போது மாறும் என்று இன்று எழுதும் நிரலுக்குத் தெரியாது.

திருத்தம்

ஆகவே, வருங்காலக் கூட்டத்துக்கு எண்ணைச் சேமிக்காதீர்கள். ஊரையும் அந்த ஊர்க் கடிகாரத்தின் நேரத்தையும் சேமியுங்கள். "மார்ச் 14, இரவு 9 மணி, அமெரிக்கா/நியூயார்க்." வித்தியாசம் என்னவென்பதை, கடிதம் அனுப்பும் நேரத்தில் கணினி பார்த்துக்கொள்ளட்டும். அதற்கான பட்டியலை 1980களில் ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கினார். பால் எக்கர்ட் பராமரித்து வருகிறார். 2011 முதல் ஐயானா என்ற இணைய அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. கைப்பேசிகள் முதல் சர்வர்கள் வரை பெரும்பாலானவை இதையே நம்பியிருக்கின்றன. நாடுகள் விதியை மாற்றும்போது இப்பட்டியலும் மாறும். உங்கள் சர்வரில் அதைப் புதுப்பித்துவர வேண்டும்.

பட்டியலில் நம் ஊர்ப்பெயர்களைத் தேடினால் கிடைக்காது. எடிசனுக்கு நியூயார்க், டாலஸுக்கும் ஹூஸ்டனுக்கும் சிகாகோ, ஃப்ரீமாண்ட்டுக்கு லாஸ் ஏஞ்சலஸ், சென்னைக்குக் கொல்கத்தா. டெக்சஸ் என்று மட்டும் சொன்னால் போதாது. எல் பாசோ மலை நேரத்தில் இருக்கிறது, டாலஸைவிட ஒரு மணி நேரம் பின்னால்.

டேட் வரியைக் கையால் ஒட்டாமல், நிரல்மொழியோடு வரும் மின்னஞ்சல் தொகுப்பிடமே விட்டுவிடுங்கள். சர்வரின் கடிகாரத்தை யு.டி.சி.யிலேயே வைத்திருங்கள். கடிதத்தின் உள்ளே சுருக்கங்களைத் தவிர்த்து ஊர்ப்பெயரோடு எழுதுங்கள்: நியூ ஜெர்சி சனி இரவு 9, டாலஸ் சனி இரவு 8, ஃப்ரீமாண்ட் சனி மாலை 6, சென்னை ஞாயிறு காலை 6:30. கூடவே நாட்காட்டி இணைப்பை அனுப்பினால், வாசகரின் கைப்பேசி தன் ஊர் நேரத்தைத் தானே காட்டும்.

சோதிக்கும்போது இன்றைய தேதியை மட்டும் வைத்துச் சோதிக்காதீர்கள். பிப்ரவரியில் ஒரு தேதி, ஜூலையில் ஒரு தேதி, மாற்றத்தை ஒட்டிய வாரங்களில் சில தேதிகள் வேண்டும். ஐரோப்பா மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் மாறுகிறது. 2026இல் மார்ச் 8 முதல் 29 வரையும், அக்டோபர் 25 முதல் நவம்பர் 1 வரையும் நியூ ஜெர்சிக்கும் லண்டனுக்கும் இடையே வழக்கமான 5 மணி நேரத்துக்குப் பதில் 4 மணி நேரமே.

கணினியால் முடிவெடுக்க முடியாத ஒன்று மிஞ்சுகிறது. மாதந்தோறும் நடக்கும் கூட்டத்தை எந்த ஊர்க் கடிகாரத்தில் கட்டுவது? நியூ ஜெர்சியின் இரவு 9 மணியில் கட்டினால், இந்தியப் பேச்சாளருக்குக் குளிர்காலத்தில் காலை 7:30, கோடையில் 6:30. சென்னையின் ஞாயிறு காலை 7 மணியில் கட்டினால், நியூ ஜெர்சிக்குக் குளிர்காலத்தில் 8:30, கோடையில் 9:30. ஃப்ரீமாண்ட்டில் 5:30, 6:30. ஆண்டுக்கு இருமுறை யாரோ ஒருவர் நகர்ந்தே ஆக வேண்டும். யார் நகர்வது எளிது என்று குழுவில் பேசி முடிவெடுங்கள். வயதான பேச்சாளர்களை அடிக்கடி அழைப்பவர்கள் சென்னையில் கட்டுவது நல்லது. எதில் கட்டினாலும், மார்ச், நவம்பர் மாதக் கடிதங்களின் முதல் வரியில் "இந்த மாதம் உங்களுக்கு நேரம் மாறுகிறது" என்று, நகர வேண்டியவருக்குச் சொல்லிவிடுங்கள்.