கழுதையும் கத்தும் ஆல்பம்

கடைசிப் பாட்டில் கேட் புஷ் கழுதையாகக் கத்துகிறார். ரசிகர்கள் இரு கட்சியாகப் பிரிவது அங்கேதான்.

பிரிட்டிஷ் பாடகியான இவரது 'தி ட்ரீமிங்' 1982இல் வெளிவந்தது. 1980இல் வந்த முந்தைய ஆல்பம் பிரிட்டனில் முதலிடம். இது மூன்றாமிடத்தோடு நின்றது. தலைப்புப் பாட்டு தனித் தட்டாக வந்து 48க்கு மேல் ஏறவில்லை.

தயாரிப்பு முழுக்க அவர் கைக்கு வந்தது இதில்தான். எந்தச் சத்தத்தையும் பதித்துச் சுரமாக்கும் ஃபேர்லைட் என்ற கணிப்பொறி வாத்தியமும் கைவசம். விட்டுவைப்பாரா? ஒரு பாட்டில் அமெரிக்கச் சிப்பாயைக் குறிவைக்கும் வியட்நாம் போராளியாகிறார். 'ஹூடினி'க்குக் குரல் கரகரக்க வேண்டுமென்று பாலும் சாக்லேட்டும் சாப்பிட்டுவிட்டுப் பாடினார்.

ஒரே பாட்டில் ஐந்து பாட்டுக்கான சரக்கு, மூச்சு முட்டுகிறது என்பது எதிர்க்கட்சி வாதம். 1985இல் வந்த 'ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்'வைக் காட்டுகிறார்கள்: அதே துணிச்சல், ஆனால் முணுமுணுக்க மெட்டும் உண்டு. இது இல்லாமல் அது ஏது என்கிறார்கள் ஆதரவாளர்கள். இந்தப் பதில்தான் உறுத்துகிறது. ஏணி என்று புகழ்வதும் ஒருவகை இளக்காரமே.

'ஹூடினி'யைத் தனியாகக் கேட்க வேண்டும். விலங்குகளை உடைத்து வெளிவரும் வித்தைக்காரனுக்கு முத்தத்தோடு சாவியை வாய்மாற்றித் தரும் மனைவி, அவன் செத்த பிறகு ஆவியோடு பேசும் கூட்டத்தில் காத்திருக்கிறாள். அந்தக் கரகரப்பு அவளுடைய அழுகை.