உடலின் உட்பகை

எங்கள் யாழ்ப்பாணத்துப் பாட்டிமாருக்கு 'கிரந்தி' என்றொரு சொல் உண்டு. கத்தரிக்காய் கிரந்தி, இறால் கிரந்தி, நண்டு கிரந்தி, சூரை மீன் பெருங்கிரந்தி. புண் ஆறாதவனும், தேகத்தில் தடிப்பு எழும்புகிறவனும், தொய்வுக்காரனும் அவற்றைத் தொடலாகாது. சித்த மருத்துவ நூல்களில் இச்சொல்லுக்கு வேறு பொருள்களும் உள. ஆயினும் அடுக்களையில் அது வழங்கும் பொருள் ஒன்றே: ஊருக்கெல்லாம் உணவாவது ஒருவனுக்கு மாத்திரம் பகையாதல். இன்று பாடநூல்கள் 'ஒவ்வாமை' என்று எழுதுகின்றன. ஒவ்வுதல் என்றால் பொருந்துதல், பொருந்தாமையே ஒவ்வாமை. நல்ல சொல்தான். ஆனால் குற்றம் உண்ணப்பட்ட பொருளிலா, உண்டவன் உடலிலா என்ற வினாவை அச்சொல் தீர்ப்பதில்லை. பாட்டிமார் இறாலைக் குற்றஞ்சாட்டினர். விஞ்ஞானம் உடலைக் கூண்டில் ஏற்றுகிறது.

இந்த வழக்கின் முதல் விசாரணை கடலிலே தொடங்கியது. 1901ஆம் ஆண்டில் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பேர்ட்டின் கப்பலில் சார்ள்ஸ் றிஷே, போல் போர்த்தியே என்னும் இரு பிரெஞ்சு அறிஞர் கடற்சொறியின் நஞ்சை ஆராய்ந்தனர். ஊர் திரும்பியபின் கடற்சாமந்தியின் நஞ்சைக் கொண்டு ஆய்வைத் தொடர்ந்தனர். சிறிது சிறிதாக நஞ்சை ஊட்டினால் நாயின் உடல் அதனைத் தாங்கப் பழகிவிடும் என்பது அவர்களது எண்ணம். நெப்தியூன் என்ற நாய் முதல் ஊசியைத் தாங்கியது. சில வாரங்களின் பின் அதே சிறு அளவை மீண்டும் செலுத்தினர். பாதுகாப்புப் பெற்றிருக்க வேண்டிய நாய் மூச்சுத் திணறி, வாந்தி எடுத்து, அரைமணிக்குள் மாண்டது. காப்பு வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் காப்புக்கு நேர்மாறானது வந்தது. அதற்கு 'அனபிலாக்சிஸ்' என்று பெயரிட்டார் றிஷே. 1913இல் நோபல் பரிசும் அவரைத் தேடி வந்தது. பரிசு பெற்ற அறிஞரின் பெயரோடு அந்த நாயின் பெயரையும் வரலாறு காத்து வைத்திருப்பது எனக்கு ஒரு சிறு ஆறுதல்.

வியன்னாவைச் சேர்ந்த கிளெமென்ஸ் வொன் பிர்க்கே என்ற குழந்தை மருத்துவர், 1906இல் 'அலர்ஜி' என்ற சொல்லை ஆக்கினார். 'மாறுபட்ட செயல்' என்பது அதன் கருத்து. நிர்ப்பீடனம் என்று நாம் கூறும் உடற்காவல், ஒரு பொருளை முதன்முறை கண்டபின் தன்னியல்பு மாறிவிடுகிறது என்பதே அவர் கண்ட உண்மை. அம்மாற்றம் நன்மையாகவும் முடியலாம், தீமையாகவும் முடியலாம். அம்மையை ஒருமுறை கண்ட உடல் மறுமுறை அதனை வெல்கிறது. இறாலைக் கண்ட உடலோ சிலரிடத்தில் தன்னையே வதைத்துக்கொள்கிறது. இரண்டும் ஒரே நினைவாற்றலின் செயல்கள்.

இவ்வாறு காவல் எல்லை மீறும் வகைகளை நான்காக வகுத்தவர்கள் பிலிப் ஜெல், றொபின் கூம்ஸ் என்ற இரு ஆங்கில அறிஞர். அவர்களது பகுப்பு 1963இல் வெளிவந்தது. மருத்துவ மாணவர் இன்றும் அதனை மனப்பாடம் செய்கின்றனர். நான் மருத்துவன் அல்லன். கோப்பாயிலே பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் சொல்லிக் கொடுப்பவன். எனினும் இந்த நான்கையும் நம் ஊர்த் தோட்டத்தையும் வைத்தியசாலையையும் விட்டு நீங்காமலே விளக்கிவிட முடியும் என்று எண்ணுகிறேன்.

முதல்வகை விரைவானது. நிமிடங்களில் வந்து நிற்பது. இதன் மறைபொருளைக் கண்ட கதை சுவையானது. ஹைன்ஸ் கியூஸ்ற்னர் என்ற ஜேர்மானிய மருத்துவருக்குச் சமைத்த மீன் ஆகாது. அவருடைய குருதிநீரில் ஒரு துளியை எடுத்து, அவரது நண்பர் பிறவுஸ்னிற்ஸ் தம் வயிற்றுத் தோலினுள் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதேயிடத்தில் மீன்சாற்றை ஊசியால் இட்டதும் தோல் சிவந்து தடித்தது. மீன் தின்று பழகிய உடலில், தின்னாதவனின் பகைமை குடியேறிவிட்டது! இது 1921இல் வெளியான செய்தி. குருதிநீரில் இருந்த அந்தப் பொருள் இன்னதென்று அறிய மேலும் நாற்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. 1966இல் அமெரிக்காவில் பணிபுரிந்த இஷிசாக்கா என்ற யப்பானியத் தம்பதியரும், அதே காலத்தில் சுவீடனின் உப்சாலா நகரத்து அறிஞரும் அதனைக் கண்டனர். ஐ.ஜி.ஈ. என்பது அந்தப் பிறபொருளெதிரியின் பெயர். அது மாஸ்ட் கலங்கள் என்னும் திரள்களின் மேல் ஒட்டிக் காத்திருக்கும். பகைப்பொருள் வந்து தொட்டவுடன் கலம் வெடித்தாற்போல் ஹிஸ்டமினைக் கொட்டும். மூக்கிலே அது நிகழ்ந்தால் தும்மல், தோலிலே தடிப்பு, மூச்சுக்குழலிலே தொய்வு. உடலெங்கும் ஒருங்கே நிகழ்ந்தால் குருதியழுத்தம் வீழ்ந்து உயிருக்கே ஆபத்து. குளவி கொட்டி ஒருவர் இறந்தார் என்று கேள்விப்படும்போது, குளவியின் நஞ்சு மாத்திரம் அவரைக் கொன்றதென்று கொள்ளற்க. பல வேளைகளில் கொன்றது அவரது சொந்தக் காவலே.

இரண்டாம் வகையில் பிறபொருளெதிரிகள் உடலின் சொந்தக் கலங்களையோ, உடலுக்குள் ஏற்றப்பட்ட பிறர் கலங்களையோ தாக்கும். பொருந்தாத குருதியை ஏற்றினால் விளையும் கேடும், றீசஸ் பொருந்தாத தாய்க்குப் பிறக்கும் சேயின் குருதிக் கலங்கள் சிதைவதும் இதன்பாற்படும். அச்சிதைவைக் கண்டறியும் பரிசோதனை, மேலே சொன்ன கூம்ஸின் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. தொண்டை நோவு கண்ட பிள்ளைக்குச் சில வாரங்களின் பின் மூட்டுவலியும் இருதய நோயும் வருவதையும் இதிலே சேர்ப்பர். தொண்டைக் கிருமியை எதிர்க்கப் பிறந்த பொருள், அக்கிருமியை ஒத்த சாயலை இருதயத் தசையிலே கண்டு மயங்கித் தாக்குகிறது. ஆசிரியர்கள் இதனைக் கருத்திற் கொள்ளவேண்டும். வகுப்பிலே காய்ச்சலோடும் தொண்டை நோவோடும் இருக்கும் பிள்ளையை வைத்தியரிடம் அனுப்புவது அதன் இருதயத்தைக் காப்பதாகவும் முடியலாம்.

மூன்றாம் வகை, பிறபொருளெதிரியும் பகைப்பொருளும் ஒன்றோடொன்று பிணைந்த சிறுகூட்டங்கள் குருதியோடு ஓடி, மூட்டிலும் சிறுநீரகத்திலும் நாளச் சுவரிலும் தங்கி அழற்சியை மூட்டுவது. சொறி சிரங்கு கண்ட பிள்ளையின் முகம் சில வாரங்களில் வீங்கிச் சிறுநீர் சிவப்பது இதனால்தான். ஆனால் இவ்வகையை உலகம் முதலில் அறிந்தது குதிரையின் வாயிலாக. தொண்டைக் கரப்பான் நோய்க்குக் குதிரையின் குருதிநீரை மருந்தாக ஊட்டிய காலத்தில், பிழைத்த பிள்ளைகளிற் பலர் எட்டுப் பத்து நாள்களில் காய்ச்சல், தடிப்பு, மூட்டு நோவு என்று வருந்தினர். பிர்க்கேயும் ஷிக் என்பவரும் 1905இல் இதனை ஆராய்ந்து நூல் எழுதினர்.

குதிரை இன்னும் நம்மை விட்டு நீங்கவில்லை. நம் நாட்டு வைத்தியசாலைகளில் பாம்புக்கடிக்கு ஏற்றப்படும் மருந்து, இந்தியாவிலே குதிரைகளுக்குச் சிறிது சிறிதாக நஞ்சேற்றி, அவற்றின் குருதியிலிருந்து பிரித்தெடுத்தது. நாகம், எண்ணெய் விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை ஆகிய நான்கின் நஞ்சுக்கும் அதுவே மாற்று. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரனுக்கு இது வாழ்வா சாவா என்ற விடயம். ஆயினும் அந்த மருந்தே அவனை நடுக்கவும், தடிக்கவும், மூச்சடைக்கவும் வைப்பதுண்டு. இலங்கை வைத்தியசாலைகளில் 1,007 பாம்புக்கடி நோயாளரைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 2011இல் வெளியாயிற்று. அவர்களுள் நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மருந்தின் எதிர்விளைவு தோன்றியது. அவ்வாறு தோன்றியோருள் நூற்றுக்கு நாற்பத்துமூவரின் நிலை கடுமையாயிருந்தது. இந்த எண்களைக் கேட்டு அஞ்சுபவர் ஆய்வின் மறுபாதியையும் கேட்க வேண்டும். மருந்தை ஏற்றுமுன் சிறிதளவு அட்ரினலினைத் தோலின்கீழ் ஊசியாகக் கொடுத்தபோது, முதல் ஒரு மணி நேரத்தில் கடுமையான எதிர்விளைவுகள் நூற்றுக்கு நாற்பத்துமூன்று பங்கு குறைந்தன. கடுமையான விளைவு தோன்றினாலும் அதனைத் தணிக்கும் வழி வைத்தியசாலையில் உண்டு. கண்ணாடி விரியனின் நஞ்சைத் தணிக்கும் வழி வீட்டில் இல்லை.

'ஊசி போட்டதாலேதான் ஆள் துடித்தது' என்று சொல்லி, கடியுண்டவரை மறித்து வைத்திருக்கும் உறவினரை நான் அறிவேன். அவர்கள் கண்டது பொய்யன்று. அதிலிருந்து பெற்ற முடிவுதான் உயிரைக் குடிப்பது. இங்கே படித்தவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. இந்த எதிர்விளைவுகளிற் பல, முன்னொருபோதும் குதிரை மருந்தை ஏற்றிராதவருக்கே, முதல் ஊசியிலேயே வருகின்றன. ஆகவே ஐ.ஜி.ஈ. காத்திருந்து செய்த வேலை என்று அவற்றைச் சொல்ல முடியாது. வேறு வழியாக அதே மாஸ்ட் கலங்கள் தூண்டப்படுகின்றன. ஜெல்லும் கூம்ஸும் கட்டிய நான்கு அறைகளுள் அவை அடங்க மறுக்கின்றன. பகுப்பு நம் வசதிக்கு; நோய் அதனைப் படித்துவிட்டு வருவதில்லை. பெனிசிலின் என்ற ஒரு மருந்தே ஆளுக்கேற்ப இந்நான்கு வகையையும் உண்டாக்க வல்லது.

இனி நான்காம் வகை. இதற்காகவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தேன் என்றாலும் தகும். இவ்வகையில் பிறபொருளெதிரிக்கு வேலை இல்லை. ரி-கலங்கள் என்னும் வெண்கலங்களே நேரில் வந்து தாக்குகின்றன. அவை வந்து கூட ஒரு நாள், இரண்டு நாள் செல்லும். கசநோய்ப் பரிசோதனைக்குக் கையிலே ஊசியிட்டு, இரண்டு மூன்று நாள் கழித்து வீக்கத்தை அளந்து பார்ப்பது இதனாலேயே. 1942இல் லாண்ட்ஸ்ரைனரும் சேசும் இவ்வுணர்ச்சியைக் குருதிநீரால் அன்றிக் கலங்களால் மாத்திரமே ஒரு விலங்கிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற முடியும் என்று காட்டினர்.

பண்டு சலவைத் தொழிலாளர் துணியிலே குறியிடப் பயன்படுத்திய சேங்கொட்டையின் பால் பட்டுத் தோல் வெந்தவர் பலர். சித்த வைத்தியர் அதனைச் சுத்திசெய்யாது மருந்தில் சேர்க்கமாட்டார் என்பது நினைக்கத்தக்கது. இன்று நம் தோட்டவெளிகளில் சேங்கொட்டையை விஞ்சிய ஒன்று வளர்கிறது. பார்த்தீனியம் என்பது அதன் பெயர். கரட் இலையை ஒத்த இலை. விண்மீன் சிதறினாற்போல் வெள்ளைச் சிறுபூ. பார்வைக்குச் சாதுவான செடி. அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. 1950களின் நடுப்பகுதியில் இந்தியாவிலே புனா நகரில் கவனிக்கப்பட்டது. இறக்குமதிக் கோதுமையோடு வந்தது என்பர். 1970களில் அந்நகரைச் சூழ்ந்த உழவர் பலருக்கு முகம், கண்ணிமை, கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் தோல் தடித்து, வெடித்து, நீர் வடிந்த கதையை அங்குள்ள தோல் மருத்துவர் பதிவுசெய்தனர். உயிரிழந்தோரும் உளர். நம் நாட்டிலே 1999இல் வவுனியாவில் அது இனங்காணப்பட்டது. 1987இல் வந்த இந்தியப் படையினர் உணவுக்குக் கொணர்ந்த ஆடுகளோடு விதை வந்தது என்று வடக்கில் பரவலாகச் சொல்வர். எவ்வழி வந்ததாயினும், ஒரு செடி பதினையாயிரத்துக்கு மேற்பட்ட விதைகளைச் சொரியவல்லது. வலிகாமம் கிழக்கின் செம்மண்ணும், வெங்காயத்துக்கு இறைக்கும் நீரும் அதற்கு வேண்டிய விருந்து.

அச்செடியின் நுண்மயிர்களில் பார்த்தெனின் என்ற பொருள் உண்டு. மிகச் சிறிய மூலக்கூறு; தனித்து நின்றால் உடற்காவலின் கண்ணுக்குப் படாது. தோலினுள் புகுந்து நமது புரதங்களோடு ஒட்டிக்கொண்டபின் நமது புரதமே அந்நியமாகத் தோன்றுகிறது. தோலிலுள்ள காவற்கலங்கள் அதனை நிணநீர்க்கணுவுக்குக் கொண்டுசென்று காட்டுகின்றன. அங்கே அதனை நினைவிற் கொண்ட ரி-கலங்கள் பெருகுகின்றன. இந்த முதல் அறிமுகத்தின்போது தோலிலே ஒரு சிறு அரிப்பும் இராது. பல பருவங்கள் தொட்டுத் தொட்டுப் பழகியபின், ஒருநாள் பகை வெளிப்படும். அதன்பின் செடியைத் தொடவும் வேண்டியதில்லை. உலர்ந்த செடியின் தூசி காற்றிலே வந்தாலே போதும். அதே குடும்பத்துச் செவ்வந்திப் பூவும் சிலருக்கு ஆகாமற் போகும். மகரந்தமோ முதல்வகை வழியாகத் தும்மலையும் தொய்வையும் தரும். ஆக ஒரு களை, இரு வகைப் பகை.

இங்கேதான் எனக்கு மனக்குறை. இச்செடி சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. வட மாகாணசபை இயங்கிய காலத்தில் அதனை ஒழிக்க இயக்கமே நடந்தது. நல்ல முயற்சி. ஆனால் சிரமதானம் என்றதும் பிள்ளைகளை வரிசையாக விட்டு வெறுங்கையாற் பிடுங்கச் செய்யும் வழக்கத்தைப் பல இடங்களிற் கண்டிருக்கிறேன். 'தொட்டுப் பார்த்தோம், ஒன்றும் செய்யவில்லையே' என்று அவர்கள் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். ஒன்றும் செய்யவில்லை என்பது உண்மை. இந்நோயில் முதல் தொடுகை ஒருபோதும் ஒன்றும் செய்யாது. வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலிக்குக் களைபிடுங்கும் பெண்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவர்கள் ஆண்டில் ஒருநாள் அல்ல, பருவந்தோறும் குந்தியிருந்து, முகத்துக்கு நேரே அச்செடியைப் பிடுங்கி வரம்பிலே காயவிடுகிறார்கள்.

நோய் முற்றியபின் பூசுமருந்தும், உடற்காவலையே அடக்கும் அசத்தியோபிறின் போன்ற மாத்திரைகளும் உண்டு. காவலை அடக்கினால் வேறு நோய்களுக்குக் கதவு திறக்கும் என்பதால் மருத்துவர் குருதியை அடிக்கடி சோதித்தே அவற்றைக் கொடுப்பர். செடி இல்லாத இடத்துக்குப் போய்விடுங்கள் என்று புத்தகங்கள் கூறுகின்றன. பத்துப் பரப்புத் தோட்டத்தை நம்பி இருப்பவன் எங்கே போவான்? அவனால் இயன்றது, பூக்குமுன் ஈரமண்ணோடு வேருடன் பிடுங்குவது. முழுக்கைச் சட்டையும் கையுறையும் அணிந்து, வாயையும் மூக்கையும் துணியாற் கட்டிக்கொள்வது. கிணற்றடிக்கு வந்ததும் சவர்க்காரம் இட்டுக் கழுவி உடையை மாற்றுவது. ஒரு சோடி இறப்பர்க் கையுறை நாட்கூலிக்காரிக்குத் தானே வாங்கும் பொருளன்று. மண்வெட்டியைப் போல அதுவும் தோட்டக்காரர் கொடுக்கவேண்டிய கருவி. பாடசாலையிலாயின், சிரமதானத்துக்கு நாள் குறிப்பவர் கையுறை வரும்வரை நாளைத் தள்ளி வைக்கலாம்.